72 மணி நேரத்தில் நிபுணர்களின் ஒருமித்த கருத்து: பொதுச் சுகாதார நெருக்கடிக்கான முழுமையான வழிகாட்டி

1976 மார்ச் 24 அன்று அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு வெள்ளை மாளிகையில் நிபுணர்களைக் கூட்டினார். போலியோ தடுப்பூசிகளால் புகழ்பெற்ற ஜோனஸ் சால்க், ஆல்பர்ட் சாபின் இருவரும் அந்த அறையில் இருந்தார்கள். சில வாரங்களுக்கு முன் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் வைரஸ் தாக்கி ஓர் இளம் வீரர் இறந்திருந்தார். நாட்டு மக்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போடலாமா என்பது கேள்வி. ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் அதிபர், கைகள் உயர்ந்தன. மாற்றுக் கருத்து இருந்தால் தன் அலுவலக அறைக்குத் தனியாக வந்து சொல்லலாம் என்றார். யாரும் போகவில்லை. அன்றைக்கே திட்டம் அறிவிக்கப்பட்டது.

4 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவில்லை. ஊசி போட்டவர்களில் சிலருக்குக் நரம்புகளைத் தாக்கித் தசைகளைத் தளரவைக்கும் கில்லன்-பாரே என்னும் நோய் வந்ததால் டிசம்பர் 16 அன்று திட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு நடந்த ஆய்வில், கொள்ளைநோய் வருவதற்கான வாய்ப்பை நிபுணர்கள் தங்கள் மனதுக்குள் 2 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை வெவ்வேறாகக் கணித்திருந்தது தெரிந்தது. அந்த எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் கேட்கவும் இல்லை.

நெருக்கடிக் காலத்தில் நிபுணர் குழு எதற்காக என்பதை இந்த ஒரு கூட்டம் காட்டிவிடுகிறது. எல்லோரையும் ஒரே குரலில் பேசவைப்பது குழுவின் வேலை அல்ல. எதில் உடன்பாடு உண்டு, எதில் இல்லை, வேறுபாடு எவ்வளவு பெரியது, அது எதனால் வருகிறது என்பதை அளந்து, முடிவெடுக்க வேண்டியவரின் மேசைக்கு உரிய நேரத்தில் கொண்டுசேர்ப்பதே வேலை. கீழே உள்ள நடைமுறை அதற்கானது. 72 மணி நேரத்தில் முடிக்கக்கூடியது. மாநில சுகாதாரத் துறை, மாநகராட்சி, பெரிய மருத்துவமனை, பேரிடர் மேலாண்மைப் பிரிவு எதற்கும் பொருந்தும்.

நேரக் கணக்கு

முதல் 4 மணி நேரம் கேள்வியை வரையறுக்க. அதே வேளையில் தொடங்கி 8-ஆம் மணிக்குள் குழுவினரின் சம்மதமும், முடிவால் தங்களுக்கு ஆதாயம் உண்டா என்று சொல்லும் ஆதாய முரண் அறிவிப்பும் கைக்கு வர வேண்டும். 24-ஆம் மணிக்குள் சான்றுச் சுருக்கமும், வாக்குக்கு வைக்கும் கூற்றுகளின் தொகுப்பான வாசகப் பட்டியலும் எல்லோருக்கும் போய்விட வேண்டும். 24 முதல் 36 வரை முதல் சுற்று வாக்களிப்பு. 36 முதல் 40 வரை கணக்கிடுதல். 42 முதல் 44 வரை இணையவழிக் கூட்டம். 52-க்குள் இரண்டாம் சுற்று. 60-க்குள் அறிக்கை வரைவு. 66 வரை குழுவினர் திருத்தம். மீதி 6 மணி நேரம் ஒப்படைப்புக்கு. இந்த 6 மணி நேரத்தை எழுதுவதற்குக் கடன் வாங்காதீர்கள். ஒப்படைப்பில்தான் பாதி அறிக்கைகள் திரிந்துபோகின்றன.

இதை நடத்த 5 பேர் போதும்: ஒருங்கிணைப்பாளர் ஒருவர், நெறியாளர் ஒருவர், சான்று தேடித் தொகுக்க இருவர், எண்களைக் கணக்கிட ஒருவர். ஐவரும் வாக்களிக்கக் கூடாது. நெறியாளர் அந்தத் துறையின் மொழியைப் புரிந்துகொள்பவராக இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியில் ஏற்கெனவே பொதுவெளியில் நிலைப்பாடு எடுத்தவராக இருக்கக் கூடாது.

முதல் படி: கேள்வி

பெரும்பாலான குழுக்கள் இங்கேயே தோற்றுவிடுகின்றன. "பள்ளிகளைத் திறக்கலாமா?" என்று கேட்டால் ஒவ்வொரு நிபுணரும் தன் மனதில் உள்ள வேறொரு கேள்விக்குப் பதில் சொல்வார். ஒருவர் குழந்தைகளுக்கு வரும் ஆபத்தை நினைப்பார், இன்னொருவர் வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியை, மற்றொருவர் படிப்பு இழப்பை. பதில்கள் மோதும். எங்கே மோதுகின்றன என்றுதான் தெரியாது.

கேள்வியில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும்: யாருக்கு, என்ன நடவடிக்கை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு, எவ்வளவு காலத்துக்குள். உதாரணமாக: "இந்த மாவட்டத்தில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளை அடுத்த திங்கள் முதல் முழு நேரம் நடத்தினால், மூடியே வைத்திருப்பதோடு ஒப்பிடும்போது, 28 நாட்களில் மருத்துவமனையில் சேர்வோரின் எண்ணிக்கை எவ்வளவு கூடும்?" இதற்கு எண்ணில் பதில் சொல்ல முடியும். பிறகு வந்து சரிபார்க்கவும் முடியும்.

இதிலிருந்து பிரித்துத் தனியே வைக்க வேண்டியது மதிப்பீட்டுக் கேள்வி: அந்த அளவு கூடுதல் அனுமதிகளை, குழந்தைகளின் படிப்புக்காக ஏற்கலாமா? இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுடையது. நிபுணர் குழு இதில் கருத்துச் சொல்லலாம், ஆனால் அறிவியல் முடிவுபோல உடையணிவித்துச் சொல்லக் கூடாது. இரண்டையும் கலந்தால் அரசியல் முடிவுக்கான பழி அறிவியலின் தலையில் விழும். அடுத்த முறை அறிவியல் பேசும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இன்னொரு பொறி, இரண்டு முடிவுகளை ஒரே முடிவாகக் கட்டுவது. 1976-இல் தடுப்பூசியைத் தயாரிப்பது ஒரு முடிவு, அதை மக்களுக்குப் போடுவது வேறொரு முடிவு. தயாரித்து இருப்பில் வைத்துவிட்டு, நோய் பரவுகிறதா என்று பார்த்துப் போட்டிருக்கலாம். இரண்டும் ஒரே பொட்டலமாகப் போனதால் நடுவில் நின்று யோசிக்க இடமே இல்லாமல் போயிற்று. எனவே கேள்வியை எழுதியதும், இதில் எந்தப் பகுதியை இன்றே முடிவு செய்ய வேண்டும், எதை இரண்டு வாரம் தள்ளலாம் என்று கோடு போட்டுப் பிரியுங்கள்.

கடைசியாக, கேட்பவர் யார் என்று பெயரும் பதவியும் எழுதுங்கள். "அரசு கேட்கிறது" என்பது போதாது. எந்தச் செயலர், எந்த ஆணையர், எந்தத் தேதியில், எந்தக் கோப்பில் கையெழுத்திடப் போகிறார்? அந்த அதிகாரியிடம் 15 நிமிடம் பேசி, "குழு இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள், அப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அப்போது குழுவைக் கூட்டி நிபுணர்களின் பெயரை இரவல் கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: யார் உட்கார வேண்டும்

வாக்களிப்போர் 12 முதல் 20 வரை. 12-க்குக் கீழே போனால் ஒருவர் மனம் மாறினாலே சதவீதம் எட்டுப் புள்ளிக்கு மேல் ஆடும். 20-ஐத் தாண்டினால் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் எல்லோரும் பேச முடியாது. நெருக்கடியில் எல்லோருமே வேறு வேலையில் மூழ்கியிருப்பார்கள் என்பதால் தேவையைப் போல ஒன்றரை மடங்கு பேரை அழையுங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியம் எந்தெந்தத் துறை என்பது. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றின் வழியே பரவும் நோய் அல்ல என்று சமூக ஊடகத்தில் திட்டவட்டமாகப் பதிவிட்டது. அந்த நேரத்தில் அதன் வழிகாட்டுதலை வடித்தவர்களில் மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டு வல்லுநர்களே மிகுதி. நுண்துளிகள் காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பதைத் தொழிலாகக் கொண்ட இயற்பியலாளர்களின், காற்றோட்டப் பொறியாளர்களின் குரல் அங்கே மெலிந்திருந்தது. காற்றின் வழியே பரவுவதை ஏற்கும்படி ஜூலையில் 239 விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. ஆனால் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் நிலைக்குழு, ஹார்வி ஃபைன்பெர்க் தலைமையில், அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்றே வெள்ளை மாளிகைக்கு ஒரு சுருக்கமான கடிதம் அனுப்பியிருந்தது. சாதாரண மூச்சிலிருந்தும் வைரஸ் காற்றில் கலக்கக்கூடும் என்பதோடு கிடைத்த ஆய்வுகள் ஒத்துப்போகின்றன என்றது அது. ஆய்வுகள் முழுமையானவை அல்ல என்பதையும் மறைக்கவில்லை. இதே ஃபைன்பெர்க்தான் 1976 திட்டத்தின் பிழைகளை ஆராய்ந்து எழுதிய இருவரில் ஒருவர்.

ஆகவே பட்டியல் போடும்போது "இந்த நோயைப் பற்றி யாருக்குத் தெரியும்?" என்பதோடு நிறுத்தாமல், "இந்த முடிவு தவறாகப் போனால் எந்த வழியில் போகும், அந்த வழியை யார் அறிவார்?" என்றும் கேளுங்கள். சுவாச நோய் என்றால் தொற்றுநோயியல் 3, மருத்துவம் 3, நுண்ணுயிரியல் 1, காற்றோட்டப் பொறியியல் 1, கணித மாதிரி 1, சமூகவியல் அல்லது நடத்தை அறிவியல் 1, பொருளியல் 1, களத்தில் வேலை பார்க்கும் சுகாதார ஆய்வாளரும் கிராம சுகாதார செவிலியரும் ஒவ்வொருவர், பாதிக்கப்படும் மக்களின் பிரதிநிதிகள் 2. மொத்தம் 15. கடைசி நால்வரைச் சேர்க்கும்போது, இவர்கள் நிபுணர்களா என்ற முணுமுணுப்பு எழும். உத்தரவு போட்ட மறுநாள் அது தெருவில் எப்படி நடக்கும் என்று அந்த நால்வருக்கே தெரியும்.

ஆதாய முரண் அறிவிப்பை முதல் வாக்குக்கு முன்பே வாங்குங்கள். தொடர்புள்ள நிறுவனத்தில் பங்கு, ஊதியம், காப்புரிமை, நடப்பு ஆய்வு நிதி ஆகிய நான்கைக் கேளுங்கள். பண ஆதாயம் உள்ளவர் தன் அறிவைப் பகிரலாம், கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம், ஆனால் வாக்களிக்கக் கூடாது.

குழுவினரின் பெயர்களை முதல் நாளே வெளியிடுவது நல்லது. பிரிட்டனின் அவசரகால அறிவியல் ஆலோசனைக் குழுவான சேஜ், தன் உறுப்பினர் பட்டியலை 2020 மே 4 வரை வெளியிடவில்லை. அதற்குள் சந்தேகம் வளர்ந்து, அரசின் முன்னாள் தலைமை அறிவியல் ஆலோசகர் டேவிட் கிங் தனியே இன்னொரு குழுவை அமைக்கும் அளவுக்குப் போய்விட்டது. பெயர்கள் வெளியே தெரியட்டும். யார் எந்த எண்ணைப் போட்டார்கள் என்பது மட்டும் மறைவாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: சான்றுச் சுருக்கம்

நான்கு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே சுருக்கம் போக வேண்டும். இல்லாவிட்டால் கருத்து வேறுபாடா, வாசிப்பு வேறுபாடா என்று பிரித்தறிய முடியாது. முதல் பக்கத்தில் கேள்வியும் உள்ளூர்த் தரவும்: கடந்த 14 நாள் நோயாளிகள், பரிசோதனை எண்ணிக்கை, காலிப் படுக்கைகள், ஆக்சிஜன் இருப்பு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆய்வுகள் அட்டவணையாக: எங்கே, எத்தனை பேர், என்ன கண்டார்கள், நம்பகத்தன்மை. நம்பகத்தன்மையை உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கு படியாகப் பிரிப்பது உலகெங்கும் பழகிய முறை. நான்காம் பக்கம் முழுவதும் தெரியாதவை. இந்த நான்காம் பக்கத்தைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். குழுவினர் அதிகம் பயன்படுத்துவதும் அதைத்தான்.

சக ஆய்வாளர் சரிபார்ப்புக்கு முன் வெளியான கட்டுரைகளைச் சேர்க்கலாம், அப்படிக் குறிப்பிட்டே சேர்க்க வேண்டும். பெரிய இதழில் வந்துவிட்டால் மட்டும் சோதனை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2020 மே 22 அன்று லான்செட் இதழில், மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுக்கப்பட்ட கோவிட் நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்று ஒரு கட்டுரை வந்தது. சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்தின் தரவை வைத்து எழுதியது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைத்தது. ஆனால் ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் நிகழ்ந்ததாக அந்தக் கட்டுரை காட்டிய இறப்புகள், அந்நாடு முழுவதும் அந்தத் தேதி வரை அதிகாரபூர்வமாகப் பதிவான கோவிட் இறப்புகளைவிட அதிகம்! தரவைச் சரிபார்க்க விடாததால் ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஜூன் 3 அன்றே பரிசோதனையும் மீண்டும் தொடங்கியிருந்தது. மருந்து பின்னால் பயனற்றது என்று வேறு முறையான பரிசோதனைகளில் தெரிந்தது உண்மைதான், ஆனால் அதற்கு இந்தக் கட்டுரை சான்றாகாது. முடிவைத் திருப்பிப்போடும் அளவுக்குக் கனமான ஆய்வு எதுவானாலும் ஒருவர் 30 நிமிடம் ஒதுக்கி, அதில் உள்ள எண்களில் ஒன்றையாவது பொதுவில் கிடைக்கும் அரசுக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

நான்காம் படி: வாசகங்கள்

10 முதல் 15 வாசகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கருத்து. "முகக்கவசம் கட்டாயமாக்கப்பட வேண்டும், சந்தைகள் மூடப்பட வேண்டும்" என்று எழுதினால் ஒன்றை ஏற்று மற்றதை மறுப்பவர் எங்கே வாக்களிப்பார்? "போதுமான", "கூடியவரை", "தேவைப்பட்டால்" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். அவற்றுக்கு எல்லோரும் உடன்படுவார்கள், ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளில்.

மதிப்பெண் 1 முதல் 9 வரை. 1 முதல் 3 மறுப்பு, 4 முதல் 6 உறுதியில்லை, 7 முதல் 9 உடன்பாடு. பத்தாவதாக "இது என் துறை அல்ல" என்ற தேர்வு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தெரியாதவர்கள் 5 போட்டு நடுவில் கூட்டம் சேர்ப்பார்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழே இரண்டு வரி காரணம் எழுத இடம் கொடுங்கள். எண்ணைவிட இந்தக் காரணங்களே அடுத்த கட்டத்துக்கு உணவு.

எண்ணிக்கை கேட்கும் கேள்விகளுக்கு வேறு வடிவம். முதலில் நம்பத்தகுந்த மிகக் குறைந்த அளவு, பிறகு மிக அதிக அளவு, பிறகு உங்கள் கணிப்பு, கடைசியாக, உண்மை இந்த எல்லைக்குள் விழும் என்பதில் உங்களுக்கு எத்தனை சதவீதம் உறுதி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கணிப்பை முதலில் கேட்டால் மனம் அந்த எண்ணிலேயே ஒட்டிக்கொண்டு, எல்லைகளைக் குறுக்கிவிடும்.

உடன்பாடு என்று எதைச் சொல்வது என்பதை வாக்குப்பதிவுக்கு முன்பே எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். ஒரு நல்ல வரம்பு: குறைந்தது 75 சதவீதத்தினர் 7 முதல் 9 போட்டிருக்க வேண்டும், அதோடு 1 முதல் 3 போட்டவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். 16 பேர் குழுவில் 12 பேர் உடன்பட்டு 2 பேர் மறுத்தால் உடன்பாடு உண்டு. 12 பேர் உடன்பட்டு 3 பேர் மறுத்தால் இல்லை. முடிவைப் பார்த்த பிறகு வரம்பை 70-க்கு இறக்குவது, விளையாட்டு முடிந்ததும் விதியை எழுதுவது.

ஐந்தாம் படி: முதல் சுற்று, மறைவாக

நிபுணர்களிடம் மறைவாகப் பல சுற்றுகளில் கருத்துக் கேட்கும் டெல்ஃபி முறையை 1950-களில் அமெரிக்காவின் ராண்டு நிறுவனத்தில் உருவாக்கியவர்கள் கண்ட அடிப்படை இதுதான்: மக்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன் தங்கள் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும். நம் சூழலில் இதற்குத் தேவை இன்னும் அதிகம். பழைய டீன், தன் பேராசிரியர், துறை இயக்குநர் இருக்கும் அறையில் இளைய மருத்துவர் "ஐயா, நீங்க சொல்றது சரியில்லை" என்று சொல்வது அரிது. "சார் சொன்ன மாதிரி" என்று தொடங்கும் வாக்கியங்கள் எத்தனை என்று எந்தக் கூட்டக் குறிப்பிலும் எண்ணிப் பாருங்கள்.

இணையப் படிவம் போதும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் கணக்கிடுபவரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் வாக்களிப்பு நடத்தாதீர்கள். முதலில் பதிவிடும் மூத்தவரே அங்கே முடிவைத் தீர்மானித்துவிடுவார். 12 மணி நேரக் கெடு, 6-ஆம் மணியில் ஒரு நினைவூட்டல், 10-ஆம் மணியில் தொலைபேசி அழைப்பு.

ஆறாம் படி: கணக்கு

சராசரியைத் தொடாதீர்கள். மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவையும், நடுப்பாதியினர் எந்த எல்லைக்குள் இருக்கிறார்கள் என்பதையும் எடுங்கள். அதுவும் போதாது, ஒவ்வொரு வாசகத்துக்கும் பட்டை வரைபடம் போட்டுக் கண்ணால் பாருங்கள். 16 பேரில் 8 பேர் 2-ம் 8 பேர் 8-ம் போட்டால் இடைநிலை அளவு 5. அதை மட்டும் படித்தவர் "குழுவுக்கு உறுதியில்லை" என்று எழுதுவார். உண்மையில் குழுவில் ஒவ்வொருவருக்கும் முழு உறுதி, இரண்டு எதிர்த் திசையில். இந்த இரண்டு நிலைகளுக்கும் அரசு செய்ய வேண்டியது முற்றிலும் வேறு. முதலாவதற்கு மேலும் தரவு வேண்டும். இரண்டாவதற்கு, எந்தத் துறைக்காரர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மருத்துவர்கள் எல்லோரும் ஒரு பக்கம், களப்பணியாளர்கள் எல்லோரும் மறுபக்கம் என்றால் பிளவு அறிவியலில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது.

ஏழாம் படி: இரண்டு மணி நேரக் கூட்டம்

உடன்பாடு வந்த வாசகங்களை 5 நிமிடத்தில் கடந்துவிடுங்கள். வேறுபாடு மிகுந்த 6 வாசகங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம். வரைபடத்தைத் திரையில் காட்டி, இரு பக்கக் காரணங்களையும் பெயரில்லாமல் நெறியாளரே வாசிக்க வேண்டும். அதன்பின் பேச்சு, இளையவரிலிருந்து மூத்தவருக்கு. ஒருவருக்கு 2 நிமிடம். முடிவெடுக்கும் அமைச்சரோ செயலரோ இந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். அவர் அறையில் இருந்தால் பேச்சு அவரை நோக்கியே திரும்பும், சக நிபுணரை நோக்கி அல்ல.

நெறியாளர் கேட்க வேண்டிய கேள்வி, "யார் சரி?" என்பது அல்ல. "எந்தத் தகவல் தெரிந்தால் உங்கள் எண் மாறும்?" என்பதே. பாதி நேரம், ஒருவர் 60 வயதுக்கு மேற்பட்டோரை நினைத்தும் மற்றவர் எல்லா வயதினரையும் நினைத்தும் மதிப்பெண் போட்டிருப்பது வெளியே வரும். அப்போது வாசகத்தை அங்கேயே திருத்துங்கள். கடைசி 20 நிமிடத்தில் ஒரு பயிற்சி: "ஆறு மாதம் கழிந்துவிட்டது, நம் பரிந்துரை படுதோல்வி அடைந்துவிட்டது. ஏன்?" எல்லோரும் 3 நிமிடம் மௌனமாக எழுதி, வாசிக்க வேண்டும். நேரடியாக எதிர்க்கத் தயங்குபவர்கள்கூட இந்த வடிவத்தில் பேசிவிடுவார்கள்.

கூட்டம் முடிந்த சூட்டிலேயே கை தூக்க வைக்காதீர்கள். இரண்டாம் சுற்றும் மறைவாக, தனித்தனியே, திருத்திய வாசகங்களோடு. இரண்டோடு நிறுத்துங்கள். மூன்றாம் சுற்றில் பெரும்பாலும் நடப்பது அறிவு கூடுவதல்ல, அலுத்துப்போய் விட்டுக்கொடுப்பது. மாதக்கணக்கில் நேரம் இருந்தால் கதை வேறு. 2022 நவம்பரில் நேச்சர் இதழில் வந்த உலகளாவிய கோவிட் டெல்ஃபி ஆய்வில் 112 நாடுகளைச் சேர்ந்த 386 பேர் பங்கேற்று, 41 வாசகங்களும் 57 பரிந்துரைகளும் தந்தார்கள். ஒவ்வொன்றின் அருகிலும் உடன்பாட்டின் அளவு அச்சாகியிருந்தது. அந்த அளவுக்கு விரிவு 72 மணி நேரத்தில் வராது. ஆனால் உடன்பாட்டின் அளவை அருகிலேயே அச்சிடும் பழக்கம் வரலாம்.

எட்டாம் படி: அறிக்கை

இரண்டு பக்கம். முதல் பத்தியில் பதில். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் இரண்டு தனி அளவுகள்: உடன்பாடு எவ்வளவு, சான்று எவ்வளவு வலுவானது. இவை இரண்டும் ஒன்றல்ல. 95 சதவீத உடன்பாடும் மிகக் குறைந்த சான்றும் சேர்ந்து வரலாம். அதன் பொருள், "தெரிந்தது கொஞ்சம், ஆனாலும் இப்போது இதைச் செய்வதே மேல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்." படிப்பவர் அதை "நிரூபிக்கப்பட்டது" என்று எடுத்துக்கொள்ள விடக் கூடாது.

வாய்ப்பைச் சொல்லும் சொற்களுக்கு எண் கட்டுங்கள், அட்டவணையை முதல் பக்கத்தின் கீழே போடுங்கள். "ஏறக்குறைய உறுதி" என்றால் 95-க்கு மேல். "மிக அதிக வாய்ப்பு" 80 முதல் 90. "வாய்ப்பு அதிகம்" 55 முதல் 75. "வரலாம், வராமலும் போகலாம்" 40 முதல் 50. "வாய்ப்பு குறைவு" 25 முதல் 35. "மிகக் குறைவு" 10 முதல் 20. "அரிது" 5-க்குக் கீழ். பிரிட்டன் அரசின் ஆய்வாளர்கள் இதே எல்லைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். "நடக்க வாய்ப்பிருக்கிறது" என்று மட்டும் எழுதினால் ஒரு செயலர் அதை 20 என்றும் இன்னொருவர் 80 என்றும் படிப்பார்.

மாற்றுக் கருத்தை, அதை வைத்திருப்பவரே 100 சொற்களில் எழுத வேண்டும். பெரும்பான்மையினர் அவருக்காகச் சுருக்கி எழுதினால் அது மெலிந்துபோகும். 2021 மே 13 அன்று இந்தியாவில் கோவிஷீல்டு ஊசியின் இரண்டு தவணைகளுக்கு இடையிலான இடைவெளி 12 முதல் 16 வாரமாக நீட்டப்பட்டது. ஜூன் மாதம், நோய்த்தடுப்புக்கான தேசிய தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்கள் மூவர், தாங்கள் ஆதரித்தது 8 முதல் 12 வாரம் வரை மட்டுமே, அதற்கு மேல் போகத் தரவு இல்லை என்று செய்தி நிறுவனத்திடம் சொன்னார்கள். அவர்களில் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் முன்னாள் இயக்குநரும், வேலூர் சிஎம்சியைச் சேர்ந்த மூத்த தொற்றுநோயியலாளரும் உண்டு. எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்றது சுகாதார அமைச்சகம். இடைவெளி எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்குள் போக வேண்டாம். 8 முதல் 12, 12 முதல் 16 என்று இரண்டு தனி வாசகங்களாக வைத்து, மறைவாக வாக்கெடுத்து, எண்ணிக்கையை அன்றே வெளியிட்டிருந்தால் இந்தச் சர்ச்சைக்கே இடமில்லை. ஊசிக்காக வரிசையில் நின்ற மக்களுக்குக் குழப்பமும் மிஞ்சியிருக்காது.

மாற்றுக் கருத்தை வெளியிட்டால் மக்கள் நம்பிக்கை இழப்பார்கள் என்ற அச்சம் அதிகாரிகளிடம் உண்டு. 2022 ஜூலை 21 அன்று குரங்கம்மை குறித்துக் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் அவசரக் குழுவில் 9 பேர் உலகளாவிய சுகாதார அவசரநிலை வேண்டாம் என்றும் 6 பேர் வேண்டும் என்றும் சொன்னார்கள். இரு தரப்புக் காரணங்களும் வெளியிடப்பட்டன. ஜூலை 23 அன்று தலைமை இயக்குநர் டெட்ரோஸ் தன் பொறுப்பில் அவசரநிலையை அறிவித்தார். குழு ஆலோசனை சொன்னது, பொறுப்பாளர் முடிவெடுத்தார், யார் எதைச் செய்தார்கள் என்பதில் மயக்கமில்லை. பிளவு ஒரு தோல்வி அல்ல, அதுவும் ஒரு தகவல்.

அறிக்கையின் கடைசி வரி காலாவதித் தேதி. வேகமாக வளரும் நோயில் 14 நாள், மற்றவற்றுக்கு 28 நாள். அதற்கு முன்பே மறுபரிசீலனைக்கு இழுக்கும் நிபந்தனைகளையும் எண்ணோடு எழுதுங்கள்: தீவிரச் சிகிச்சைப் படுக்கைகளில் 70 சதவீதம் நிரம்பினால், புதிய வைரஸ் வகை உறுதியானால், நடுத்தரம் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் புதிய ஆய்வு வந்தால். 2020 ஜனவரி 22, 23 தேதிகளில் கோவிட் குறித்து ஏறக்குறைய சரிபாதியாகப் பிளந்த உலக சுகாதார நிறுவனத்தின் அவசரக் குழு, சுமார் 10 நாட்களிலோ அதற்கு முன்போ மீண்டும் கூடத் தயார் என்று அப்போதே சொல்லியிருந்தது. ஜனவரி 30 அன்று கூடியபோது அவசரநிலைக்கு வழி பிறந்தது.

ஒன்பதாம் படி: ஒப்படைப்பு

மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். 30 நிமிடம் நேரில் உட்கார்ந்து விளக்குங்கள். மாற்றுக் கருத்து உள்ளவரில் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். அதிகாரி தன் சொற்களில் திரும்பச் சொல்லட்டும். திரிபு அங்கேயே தெரியும். பரிந்துரையை ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தை ஒரு வரியில் கோப்பில் எழுதக் கேளுங்கள். அறிக்கை 48 மணி நேரத்தில் பொதுவில் வரும் என்பதை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது.

24 மணி நேரமே இருந்தால்

வாசகங்களை 6 ஆகக் குறையுங்கள். சான்றுச் சுருக்கம் 1 பக்கம். கூட்டம் 60 நிமிடம். அறிக்கை 1 பக்கம், 7 நாளில் காலாவதி. மறைவான முதல் சுற்றையும், தனியான கடைசி வாக்கையும் மட்டும் வெட்டாதீர்கள். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது அவைதான். அவை போனால் மிஞ்சுவது கை தூக்கும் கூட்டம்.

நெருக்கடி வருவதற்கு முன்

இவ்வளவும் 72 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டுமானால் சில வேலைகள் ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். 60 பேர் கொண்ட நிபுணர் பட்டியல், துறைவாரியாக, ஆண்டுக்கொரு முறை புதுப்பித்த கைபேசி எண்ணோடும் ஆதாய முரண் அறிவிப்போடும். படிவங்கள், கணக்கிடும் விரிதாள், அறிக்கை மாதிரி மூன்றும் தயாராக. குழுவினருக்குப் பயண நேரமும் பணி விடுவிப்பும் தரும் அரசாணை. மதிப்பூதியம் பற்றிய தெளிவான முடிவு, குறிப்பாகக் களப்பணியாளர்களுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும். சம்பளத்தோடு வரும் பேராசிரியர்களும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவரும் ஒன்றல்ல.

ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை நடத்துங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் டெங்குவை வைத்து ஒன்று: அடுத்த எட்டு வாரத்தில் மாவட்டத்தில் எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்வார்கள், எந்த வாரத்தில் உச்சம் வரும்? குழுவினர் எல்லைகளோடு கணிக்கட்டும். எட்டு வாரம் கழித்து உண்மை எண் கைக்கு வரும். ஒருவர் "80 சதவீதம் உறுதி" என்று சொன்ன எல்லைகளுக்குள் பத்தில் எட்டு முறை உண்மை விழுகிறதா என்று பாருங்கள். பலருக்குப் பத்தில் ஐந்தாறுதான் விழும், எல்லைகளை அளவுக்கு மீறிக் குறுக்கியிருப்பார்கள். அந்த முடிவை அவரவருக்குத் தனியே அனுப்புங்கள், பட்டியலாக வெளியிடாதீர்கள். மூன்று ஒத்திகைக்குப் பிறகு யாருடைய எல்லைகள் நம்பத்தக்கவை என்று கணக்கிடுபவருக்குத் தெரிந்திருக்கும். உண்மையான நெருக்கடியில் எண்களைச் சேர்க்கும்போது அவர்களின் கணிப்புக்கு எவ்வளவு கூடுதல் எடை என்பதை அப்போதே, அமைதியாக இருக்கும்போதே, எழுதி வைத்துவிடுங்கள்.